நத்தையின் பங்கு

பள்ளிக்கூடத்தின் பெரிய கூடத்தைத் தலைமையாசிரியர் காட்டியதுமே பழக்கதோஷத்தில் பெயின்டரின் வாயில் வந்துவிட்டது: "நாலு நாள்ல முடிச்சுடலாம் சார்."

அது மனைவியும் அவரும் சேர்ந்து அடித்த காலத்துக் கணக்கு. அவள் இறந்துபோய் இரண்டு மாதமாகிவிட்டது. சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வெட்கம் விடவில்லை. திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. அதற்குள் முடியாவிட்டால் அந்தப் பக்கம் இனி தலைகாட்ட முடியாது.

அன்று ராத்திரி எட்டாவது படிக்கும் மகள், 'காலமும் வேலையும்' கணக்குப் பாடத்தை விரித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க தனியா அடிச்சா எத்தனை நாள்ப்பா?"

"ஆறு. உங்கம்மாவும் சேர்ந்தா நாலு."

"ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு நாளைக்கு நாலுல ஒண்ணு. அதுல உங்க பங்கு ஆறுல ஒண்ணு போனா பன்னெண்டுல ஒண்ணு. அப்போ அம்மாவுக்குப் பன்னெண்டு நாள்."

"அதனாலதானே அவளை நத்தைன்னு கூப்பிட்டேன்" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. அந்தப் பட்டப்பெயருக்கு அவள் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. "ஆமா, நீங்க பெரிய பந்தயக் குதிரை" என்பாள், ஏணியைப் பிடித்தபடியே.

ஆறு நாள்தானே, திங்கட்கிழமைக்குள் முடிந்துவிடும் என்று தெம்பாகத்தான் இறங்கினார். உண்மையில் அந்த ஆறு அவர் வாய்க்கு வந்த எண். தனியாக ஒரு கூடத்துக்கும் அவர் அடித்ததே இல்லை. இப்போது ஏணியை நகர்த்தவே ஏறி இறங்க வேண்டியிருந்தது. சுவரின் பள்ளங்களை அடைத்துப் பட்டி பார்க்க வேண்டும், உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும், ஜன்னல் ஓரங்களைச் சிந்தாமல் இழுக்க வேண்டும். இதெல்லாம் முன்பு எப்போது நடந்ததென்றே அவருக்குத் தெரியாது. சுவர் தயாராக நிற்கும். ஐயா உருளையை ஓட்டிவிட்டுப் பேர் வாங்கிக்கொள்வார்.

ஆறாம் நாள் சாயங்காலம் டீ கொண்டுவந்த மகள் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். நாலு சுவரில் இரண்டுதான் முடிந்திருந்தது.

"கணக்கு தப்புப்பா" என்றாள் தயங்கித் தயங்கி. "ஆறு நாள்ல பாதின்னா, உங்களுக்குத்தான் பன்னெண்டு நாள்."

"அப்போ உங்கம்மாவுக்கு?"

அடிக்காத சுவரில் பென்சிலால் போட்டுப் பார்த்தாள்.

"ஆறு."

பெயின்டர் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் ஒருதடவையாவது 'நத்தை நீங்கதான்' என்று சொல்லியிருக்கலாமே என்று அவள்மேல் கோபம்கூட வந்தது. பிறகு அழுகை வந்தது. மகள் பார்த்துக்கொண்டிருந்தும் அவர் அதை மறைக்கவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு தலைமையாசிரியர் அறை வாசலில் போய் நின்றார்.

"திங்கக்கிழமைக்குள்ள முடியாது சார். வேகமா வேலை செய்யற ஆளு போயிட்டா."