முட்டைக்கோஸ் வண்டி

பழைய கார் ஒன்றை வாங்கி, ஆணி ஆணியாகப் பிரித்துப் பூட்டி ஓட்ட வேண்டும் என்று புவனேஸுக்கு ரொம்ப நாளாக ஆசை. தானா ராத்தா என்ற மலையூரில் இடைநிலைப் பள்ளியில் கணக்கு சொல்லித்தருகிறவள். பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் ஒரு மோட்டார் விபத்தில் அவளுடைய இடது கணுக்கால் நொறுங்கிப்போனது. அதற்குப் பிறகு அது மடங்குவதில்லை. கைத்தடியோடுதான் நடை, ஆட்டோ கியர் காரில்தான் சவாரி. பழைய கார் என்றால் இடது காலால் கிளட்ச் மிதித்தாக வேண்டுமே, உனக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்று கேட்காத ஆள் இல்லை. பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கில் கார் பட்டறை வைத்திருந்த அவள் தம்பி ஷாமல் மட்டும் அப்படிக் கேட்கவில்லை. கிளட்சைக் கைக்கு மாற்றிவிடலாம், முதலில் வண்டியைத் தேடு என்றான்.

அவள் மனதில் இருந்தது மோரிஸ் மைனர். தானா ராத்தாவில் தங்கும் விடுதி நடத்துகிற மகேனிடம் ஒன்று இருந்தது. இளநீல நிறம், உருண்டை விளக்கு, கையால் தடவிப் பார்க்கத் தோன்றும் முதுகு. பார்த்த மாத்திரத்தில் புவனேஸ் சொக்கிப்போனாள். ஷாமல் அடியில் புகுந்து மல்லாந்து படுத்தான். அவள் உள்ளே ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, எழுந்திருப்பதற்காகக் கைத்தடியைத் தரையில் ஊன்றினாள். தடி கார்ப்பெட்டையும் தகரத்தையும் பொத்துக்கொண்டு இறங்கி, ஷாமலின் காதோரம் போய் நின்றது.

அவன் அடியிலிருந்து தலையை மெல்ல வெளியே நீட்டினான். பிறகு, “அக்கா, இன்னும் ரெண்டு இஞ்சு தள்ளியிருந்தா கம்மல் போட்டிருப்பே” என்றான்.

மகேனுக்கு முகம் சுருங்கிவிட்டது. பாவம், அவருக்கும் தெரியாது. வாங்கிய நாளிலிருந்து அதைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தாரே தவிர, கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்ததில்லை. தேநீர் கொடுத்து, மன்னிப்பும் கேட்டு அனுப்பினார். தரையை வெல்டிங் செய்யலாமே என்று வழியெல்லாம் புவனேஸ் வாதாடினாள். தரை மட்டுமில்லை, சட்டமே துருவாக உதிர்கிறது, பெயிண்டுதான் வண்டியைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது என்றான் அவன். அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஷாமல் அவளை லெம்பா பெர்த்தாமுக்குக் கூட்டிப்போனான். அங்கே காய்கறித் தோட்டம் வைத்திருந்த தங்கம்மாவின் கொட்டகையில் ஒரு பழைய லேண்ட் ரோவர் நின்றது. மலையில் லேண்ட் ரோவருக்கா பஞ்சம்? முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு தினமும் எதிரே வருவதுதான். புவனேஸ் அதை ஒரு நாளும் ‘பழைய கார்’ என்ற கணக்கில் சேர்த்ததில்லை. இதுவோ கதவு ஒரு நிறம், பானெட் ஒரு நிறம். பின்னால் காய்ந்த இலையும் உரச்சாக்கும் கிடந்தன. அவள் வந்த காரை விட்டு இறங்கக்கூட மனமில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

தங்கம்மா வந்து பார்த்தார். வாங்க வந்தவர் இறங்கவில்லை என்பது அவருக்கு வேடிக்கையாக இருந்தது.

“ஓட்டிப் பாக்காம எப்படி டீச்சர் வேணாம்னு சொல்லுவீங்க? தோட்டப் பாதைதானே லா, ஏறுங்க.”

இடது காலைக் காட்டி, முடியாது என்றாள் புவனேஸ். தங்கம்மா காலைப் பார்க்கவில்லை, கைத்தடியைப் பார்த்தார். “அதால மிதிங்க” என்றார்.

அப்படித்தான் நடந்தது. வலது கையில் ஸ்டீயரிங், இடது கையிலிருந்த தடியால் கிளட்ச். நடு சீட்டில் உட்கார்ந்து ஷாமல் கியர் போட்டான். அவள் “இப்போ” என்றால் அவன் தள்ள வேண்டும். முதல் ‘இப்போ’வில் வண்டி குதித்து நின்றது. அடுத்ததில் தவளை மாதிரி தாவித் தாவிப் போனது. பிறகு எப்படியோ இரண்டு பேருக்கும் தாளம் கூடிவர, வண்டி சேற்றைக் கிழித்துக்கொண்டு பாத்திகளுக்கு நடுவே ஊர்ந்தது. திருப்பத்தில் ஓரத்துக் கம்பத்தில் உரசி, ஏற்கெனவே நெளிந்திருந்த கதவில் இன்னொரு நெளிவு விழுந்தது. புவனேஸ் பதறிப்போய்த் தங்கம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் குனிந்து கீரை கட்டிக்கொண்டிருந்தார். நிமிரவேயில்லை.

அந்த இடத்தில்தான் அவளுக்கு மனது மாறியது. மோரிஸாக இருந்திருந்தால் ஒரு கீறலுக்கே உயிர் போயிருக்கும். கிளட்சைக் கைக்கு மாற்ற அதன் உடம்பில் ஒரு துளை போடக் கை வந்திருக்குமா?

“இதைத்தான் எடுக்கிறேன்” என்றாள். “இதுல நான் தைரியமா தப்பு பண்ணலாம்.”

ஷாமலுக்கு முதலிலேயே இதுதான் எண்ணம். இதில் கிளட்ச் எண்ணெய்க் குழாயால் இயங்குவது. குழாயை எந்தப் பக்கமும் வளைத்துக் கைக்கு எட்டும் இடத்துக்குக் கொண்டுபோகலாம். ஆனால் அக்காவே சொல்லட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தான்.

பள்ளி விடுமுறையெல்லாம் பட்டறையில் கழிந்தது. துரு சுரண்டினாள், பிரேக்கை மாற்றினாள், வெல்டிங் பிடிக்கக் கற்று முன்மயிரைக் கொஞ்சம் பொசுக்கிக்கொண்டாள். கியர்க் கம்பியிலேயே மோட்டார் சைக்கிளில் இருப்பது மாதிரி ஒரு பிடியைப் பொருத்தினார்கள். அமுக்கினால் கிளட்ச், தள்ளினால் கியர். முதலில் பொருத்தியது கல் மாதிரி இறுகி, அமுக்கவே இரண்டு கை வேண்டியிருந்தது. ஷாமல் எண்ணெய் தள்ளும் சிலிண்டரைச் சின்னதாக மாற்றிய பிறகு ஒரு கைக்கு அடங்கியது. சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் காட்டி அனுமதியும் வாங்கினார்கள். நிறத்துக்குச் சண்டை வந்தது. அவன் பச்சை என்றான். அவள் மஞ்சள் அடித்தாள்.

முதல் சவாரி தேயிலைத் தோட்டத்து மேட்டுப் பாதையில். பாதி ஏற்றத்தில், ஒரு கொண்டை ஊசி வளைவில் இஞ்சின் நின்றுவிட்டது. பின்னால் கொழுந்து மூட்டை ஏற்றிய தோட்டத்து லோரி. ஷாமல் இறங்கப் போனான். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். வலது காலால் பிரேக்கை மிதித்தபடி இஞ்சினைக் கிளப்பி, பிடியை மெல்லத் தளர்த்தினாள். வண்டி முறுக்கேறி நடுங்கிய நொடியில் காலை வேகம் கூட்டும் எண்ணெய்ப் பெடலுக்கு மாற்றினாள். மஞ்சள் வண்டி ஒரு அங்குலம்கூடப் பின்னால் சரியாமல் மேலே ஏறியது.

அந்த ஏற்றத்தின் உச்சியில் தேநீர்க் கடை தெரிந்ததும், அங்கே சமதளமாக இடம் இருக்கிறது, நிறுத்து என்றான் ஷாமல். புவனேஸ் அதைத் தாண்டிப் போய், அடுத்த ஏற்றத்தின் நடுவில், ஓரமாகப் பார்த்து நிறுத்தினாள்.

“இங்கேயா நிறுத்துறே?”

“மறுபடி ஒரு தடவை ஏத்தத்துல கிளப்பணும்டா” என்று சொல்லிவிட்டு, தடியை எடுத்துக்கொண்டு தேநீர் குடிக்க இறங்கினாள்.