சுவரோடு ஒட்டிய தட்டு

பிளேடைத் தட்டுக்கும் சுவருக்கும் நடுவே நுழைத்தேன். நுனி மட்டும் போனது. அதற்கு மேல் பெயிண்ட் விடவில்லை.

விமான நிலையத்துக்குப் பக்கத்தில், பொழிச்சலூரில் ஜாய்சனின் வீடு அது. மாலை நேர ஜெர்மன் வகுப்பில் என்னோடு படிப்பவன். நான் பழைய ஐரோப்பியப் பீங்கான் தட்டுகளைச் சேர்ப்பது தெரிந்து அழைத்து வந்திருந்தான். அவர்கள் புது வீட்டுக்கு மாறியாயிற்று; மறுநாள் காலை இந்த வீட்டை இடிக்கிறார்கள். காலியான கூடத்தில் அந்தத் தட்டு மட்டும் சுவரில் இருந்தது. தங்க விளிம்பு, நடுவே பனியில் வாத்துகளோடு ஒரு சிறுமி. என்னிடம் உள்ள நான்கும் விளிம்பு பெயர்ந்தவை. இது முழுசு.

“உடையாம எடுத்துட்டா நீயே வெச்சுக்கோ மிருதுளா,” என்று ஜாய்சனின் அம்மா அமலராணி ஆன்ட்டி சொல்லியிருந்தார்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பெயிண்ட் அடித்தவர்கள் தட்டைக் கழற்றாமல் சுற்றியே பிரஷ்ஷை ஓட்டியிருக்கிறார்கள். பச்சை, ரோஸ், வெள்ளை என்று அடுக்கடுக்காக இறுகி, தட்டு சுவரோடு ஒட்டிவிட்டது.

“கழட்டினா உடைஞ்சிடும்னு உங்கப்பாவுக்குப் பயம்டா,” என்றார் ஆன்ட்டி.

“நல்லா காப்பாத்தினாரு போ,” என்றான் ஜாய்சன்.

தலைக்கு மேல் விமானம் இறங்கியது. சுவர் அதிர்ந்தது. ‘டிக்’ என்று ஒரு சத்தம். தட்டா, பெயிண்டா? விளிம்பை நகத்தால் தடவினேன். எங்கும் இடறவில்லை. மறுபடி தடவினேன். அப்போதும் நம்பிக்கை வரவில்லை. நெம்பினால் இப்போது உடையும்; விட்டால் காலையில் உடையும்.

பிளேடு வழுக்கிச் சுவரில் கோடு விழுந்தது.

“பாத்தும்மா, சுவத்துல கீறாத!”

“ஸாரி ஆன்ட்டி.” கோட்டைக் கட்டைவிரலால் தேய்த்தேன்.

ஜாய்சன் சிரித்துவிட்டான். “எம்மா, நாளைக்கு ஜேசிபி வருது. அதுகிட்டயும் இதையே சொல்லு.”

மூவரும் சுவரைப் பார்த்தோம். அதுவரை நானும் சுவருக்கு வலிக்காமல்தான் வேலை செய்துகொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டில் உளியும் சுத்தியலும் வாங்கி வந்து, தட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி ஜாய்சன் காரையைக் கொத்தினான். நான் தட்டை ஏந்தி நின்றேன். ஒவ்வோர் அடியும் மணிக்கட்டில் இறங்கியது. கடைசியில் முதுகில் காரையோடு தட்டு என் கைக்கு வந்தது. கீறல் இல்லை.

ஆன்ட்டி அதை வாங்கி மடியில் வைத்துப் புடவைத் தலைப்பால் துடைத்தார்.

“இந்த வாத்துக்காரப் பொண்ணு செருப்பு போட்டிருக்குடா. கீழேருந்து பாத்தா வெறுங்காலாட்டமே இருக்கும்.”

சிறிது நேரம் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். “இந்தாம்மா. சொன்னா சொன்னதுதான்.”

நான் பிடித்தேன். அவர் விரல்கள் விளிம்பை விடவில்லை. நான் இழுக்கவில்லை.

“பின்னாடி காரையைச் சுரண்டி, உங்க புது வீட்டுக்குக் கொண்டுவந்து தர்றேன் ஆன்ட்டி.”

“தருவியா?” என்றார். அதன் பிறகுதான் பிடி தளர்ந்தது.