கண்ணுக்குக் கழுத்து வைத்தியம்

கட்டிலில் படுத்ததுமே அவள் உடம்பை விறைத்துக்கொண்டாள். தலைமாட்டில் நின்ற, எலும்பைத் திருப்பிக் குணமாக்கும் ஆஸ்டியோபதி வைத்தியர் இரண்டு கைகளாலும் அவள் தலையை ஏந்திப் பிடித்திருந்தார். கிட்டப்பார்வைக் கோளாறு கண்ணில் இல்லையாம், கழுத்தில் இருக்கிறதாம். மேல் எலும்பு இம்மி பிசகியதில் கண்ணுக்குப் போகும் ரத்தம் சுணங்கிவிட்டதாம். ஒரு திருப்பு, ஒரு சொடக்கு, அவ்வளவுதானாம். அடைத்த குழாயைத் திறந்துவிடுகிற மாதிரிச் சொன்னார் மனுஷர். கழுத்து அவருடையதா என்ன?

"உடம்பைத் தளர விடுங்கம்மா. இப்படி விறைச்சுக்கிட்டா எப்படி?"

"பயமா இருக்கு டாக்டர்."

"பயந்தா எலும்பு திரும்பாது."

திரும்பாமல் போனாலும் போகட்டும், எக்குத்தப்பாகத் திரும்பிவிட்டால்? கைகால் விளங்காமல் போய்விட்டால்? ஆனாலும் எழுந்து ஓட வழியில்லை. அவள் சரக்குக் கிடங்கில் கிரேன் ஓட்டுகிறவள். கண்ணாடி போட்டவர்களைக் கேபினில் ஏற்றுவதில்லை என்பது அங்கே விதி. அடுத்த வாரம் கண் பரிசோதனை. லென்ஸும் வைத்துப் பார்த்தாள். கிடங்குத் தூசியில் கண் கோவைப்பழமாகிக் கழற்றி எறிந்ததுதான் மிச்சம். இதையெல்லாம் யாரிடமும் மூச்சு விடவில்லை. வாசலில் காத்திருந்த கொழுந்தனிடம்கூடக் கழுத்து வலி என்றுதான் சொல்லியிருந்தாள். கிடங்கில் கீழே நின்று அவளுக்குக் கை காட்டுகிறவன் அவன்தான்.

கை காட்டுகிறான் என்பது பேச்சுக்கு. சில மாதங்களாக அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கலங்கலாக அசையும் ஒரு மஞ்சள் சட்டைதான். மற்றதைக் குத்துமதிப்பாக ஓட்டினாள். போன வாரம் இரும்புச் சுருள் அந்தரத்தில் தொங்கியபோது சட்டை அசைந்தது. இறக்கச் சொல்கிறான் என்று இறக்கினாள். அவன் நிறுத்தச் சொல்லியிருக்கிறான். கீழே ஒருவர் குனிந்து கட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். கூச்சல் கேட்டுத்தான் நிறுத்தினாள். பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று சொல்லிச் சமாளித்துவிட்டாள்.

வைத்தியர் குனிந்தார். அவர் முகம் அவள் முகத்துக்கு மேலே தலைகீழாக வந்து நின்றது. எட்ட இருப்பதுதான் அவளுக்குப் பிடிபடாதே தவிர, மூக்குக்கு முன்னால் வந்தால் எறும்பின் காலைக்கூட எண்ணிவிடுவாள். இப்போதும் எதுவும் தப்பவில்லை. அவர் கருவிழியைச் சுற்றி நூல் போல ஒரு வளையம். இமைத்தபோது அது லேசாக நழுவி, மறுபடி இடத்துக்கு வந்தது.

அவள் இன்னொரு தரம் உற்றுப் பார்த்தாள். அதேதான்.

"நீங்க லென்ஸ் வச்சிருக்கீங்களா டாக்டர்?"

கைகள் அப்படியே நின்றன. ஆனால் தலையை விடவில்லை.

"மெதுவாப் பேசுங்கம்மா. வெளிய ஆளுங்க இருக்காங்க."

"உங்க கழுத்தை யாரும் திருப்பலையா?"

"அதெல்லாம் திருப்பியாச்சு. எனக்கு இந்த வைத்தியம் கேக்கல." அவர் குரலைத் தாழ்த்தினார். "வெளிய சொல்லிடாதீங்கம்மா, என் பொழப்பே போயிடும். இதுவரைக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆகலையே."

இதுவரைக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆகலையே. தினமும் கேபின் ஏணியில் ஏறும்போது அவள் தனக்குச் சொல்லிக்கொள்வதும் இதேதான். அதை இன்னொருவர் வாயால், அதுவும் தன் கழுத்து அவர் கையில் இருக்கும்போது இப்போதுதான் கேட்கிறாள்.

"கையை எடுங்க," என்றாள்.

வாசலில் கொழுந்தன் பைக்கில் சாய்ந்து நின்றான்.

"என்ன அண்ணி, அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?"

"தம்பி, எனக்குக் கழுத்து வலியே இல்ல. கண்ணுதான் தெரியல. நீ காட்டுற கை எனக்குத் தெரியறதே இல்ல. பிரேக் பிடிக்கலைன்னு சொன்னதும் பொய்தான்."

கத்துவான் என்று நினைத்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"தெரியும் அண்ணி. அதான் நான் கொக்கிக்குக் கீழ நிக்கிறதில்ல. எப்பவும் தள்ளியே நிக்கிறேன்."

"மத்தவங்க?"

"அவங்ககிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்? சொன்னா உங்க வேலை போயிடுமே."

பைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு போனை எடுத்து மேஸ்திரியைக் கூப்பிட்டாள்.

"சார், நாளைக்கு கேபின்ல வேற ஆளை ஏத்துங்க."

"ஏம்மா, உடம்பு சரியில்லையா?"

"கண்ணு தெரியல சார்," என்றாள். "ரொம்ப நாளாத் தெரியல."