பென்சில் பெட்டியில் பாதி முட்டை

பேராசிரியைக்குக் குழந்தைகளின் மூளைதான் தொழில். வயிறு நிறைந்தால் புத்தி எவ்வளவு ஓடும் என்று அளந்துவிட ஒரு பள்ளியின் நாலாம் வகுப்பைப் பிடித்தார். சீட்டுக் குலுக்கிப் பிள்ளைகளைப் பிரித்தார்கள். மஞ்சள் பிரிவுக்குத் தினமும் காலையில் பாலும் அவித்த முட்டையும். நீலப் பிரிவுக்கு "நல்லாப் படிங்க" என்ற வாழ்த்து மட்டும். வருஷக் கடைசியில் புதிர் விடுவிப்பதில் மஞ்சள் முந்தினால் எல்லாப் பள்ளிக்கும் முட்டை. முந்தாவிட்டால் இங்கேயும் கிடையாது. நிதி கொடுத்த அதிகாரியின் பேரம் அது. பேராசிரியையும் தலையாட்டியிருந்தார்.

வருஷக் கடைசியில் இரண்டு பிரிவும் தராசுத் தட்டு மாதிரி சமமாக நின்றன.

என்ன கோளாறு என்று பிடிபடாமல் பேராசிரியை மறுபடி புதிர்க்கட்டைகளோடு உட்கார்ந்தார். எதிரே மஞ்சள் பிரிவின் வாயாடி. அவளோடு இரட்டையாய்ப் பிறந்த தம்பி, சீட்டு விழுந்த கோளாறில் நீலத்துக்குப் போனவன். பென்சில் எடுக்க அவள் பெட்டியைத் திறந்ததும் குப்பென்று முட்டை வாசம்.

"என்னடி இது?"

"தம்பிக்கு மிஸ். பாதி எனக்கு, பாதி அவனுக்கு. எல்லாரும்தான் நீலத்துக்குக் குடுக்கறாங்க. நான் சும்மா குடுக்கறேன். அந்த ஜன்னலோரத்துக்காரன்தான் மோசம். பாதி முட்டைக்கு முழு வீட்டுப்பாடமும் எழுத வச்சிடறான்."

"பால்?"

"அது வாட்டர் பாட்டில்ல."

பேராசிரியை அதிகாரியிடம் ஓடினார். "சார், ரெண்டு பிரிவுமே சாப்பிட்டிருக்கு. ரெண்டுமே வருஷ ஆரம்பத்தைவிட நல்லாப் பண்ணுது."

"ஒரு வயசு கூடியிருக்கே மேடம், அதுக்கு முட்டை எதுக்கு?" அதிகாரி தேநீரை உறிஞ்சினார். "பங்கு போட்டுத் தின்னாங்கன்னு எழுதினா ஆராய்ச்சி பாழ். எழுதலேன்னா முட்டை பாழ். பாவம் பாத்து இன்னொரு வருஷம் தரேன். இந்தத் தடவை கதவைப் பூட்டிக்குங்க."

எல்லாம் நல்லதுக்குத்தான் என்று பேராசிரியை வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அத்தனை தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்த வருஷம் அதே பிள்ளைகள், அதே பிரிவுகள். பெட்டியும் பாட்டிலும் வெளியே. மஞ்சள் பிரிவு பூட்டிய அறைக்குள் சாப்பிட்டு, வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். வாயாடியின் முறை வந்தது.

"மிஸ், தம்பி கம்மியா மார்க் வாங்கினாத்தான் எல்லாருக்கும் முட்டை வருமா?" பேச்சு கொழகொழவென்று வந்தது.

"அப்படி இல்லம்மா..." என்று ஆரம்பித்தவர், அப்படித்தான் என்பதால் நிறுத்திக்கொண்டார்.

"அவ்வளவுதானே? நான் சொல்லிடறேன் அவன்கிட்ட. முட்டையத் தின்னுட்டு எல்லாத்தையும் தப்பாப் போட்டுடுவான். சூப்பரா நடிப்பான் மிஸ்."

இத்தனை நாள் கேட்ட எந்தப் புதிருக்கும் இவ்வளவு நல்ல விடை பேராசிரியைக்கு வந்ததில்லை. இதற்கு மார்க் போட அவருடைய தாளில் கட்டம் கிடையாது.

"வாயைத் திற."

கன்னத்து ஓரத்தில், கடிபடாமல், தம்பியின் பங்கு ஒதுங்கியிருந்தது.

"முழுங்கு," என்றார் பேராசிரியை.

பூட்டிய கதவையே பார்த்துக்கொண்டு அவள் முழுங்கினாள்.