செத்தல் மிளகாய் நெடி

வலன்ரைனின் சலூனில் நடுக் கண்ணாடிக்கு மேலே ஒரு படம் மாட்டியிருக்கிறது. தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி அலெக்சிஸ் சிரிக்கிறான். அவனுடைய தோளில் ஒரு கை மட்டும் கிடக்கிறது. கைக்குச் சொந்தக்காரனைக் காணவில்லை, மணிக்கட்டோடு வெட்டி எறிந்தாயிற்று. அது என் கை. முடி வெட்டுகிறவனுக்கு ஆளை வெட்டவும் தெரிந்திருக்கிறது.

நான் கேட்காமல் விட்டேனா? கேட்டேன். "அண்ணை, சட்டத்துக்குள்ளை கொள்ளேல்லை" என்றான். பக்கத்தில் இருக்கிற அவனுடைய கலியாணப் படம் மட்டும் சட்டத்துக்குள் எப்படிக் கொண்டது?

பாரிசில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலில் அமெரிக்கன் ஃபுட்போல் என்றால் என்னவென்று ஒரு குஞ்சுக்கும் தெரியாத காலத்திலேயே எனக்கு அது தெரியும். பாரிசுக்கு வந்த புதிதில் அமெரிக்கர்கள் கூடுகிற ஒரு பாரில் கோப்பை கழுவினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பெரிய திரையில் மட்ச் போகும். சாப்பாடு கொடுக்கிற ஓட்டையால் எட்டிப் பார்த்துப் பார்த்தே முழு விளையாட்டையும் படித்தேன். பிறகுதான் வலன்ரைனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். "காலாலை அடிக்காத பந்துக்கு என்னெண்டு அண்ணை ஃபுட்போல் எண்டு பேர் வைச்சவங்கள்?" என்று கேட்ட மனிதன் அவன். இப்போது முடி வெட்ட வருகிறவர்களுக்கெல்லாம் அவன்தான் விளக்கம் சொல்கிறான். நான் பின்னால் வாங்கில் குந்தியிருந்து பழைய தமிழ்ப் பேப்பரைப் புரட்டுகிறேன்.

அலெக்சிஸ், வலன்ரைனின் மனைவி ஜெனிற்றாவின் தம்பி. சின்ன வயதில் மன்னாரிலிருந்து வந்தவன், இப்போது இருபத்துமூன்று வயது. விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை, பாரிசுக்கு வெளியே சார்செல்லில் அக்கா வீட்டில்தான் இருப்பு. கதவால் நேராக நுழைய முடியாத உடம்பு. அந்த உடம்பைப் பார்த்து, "வாடா, உனக்கேற்ற விளையாட்டு ஒண்டு இருக்கு" என்று புறநகர் கிளப் ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனது நான். முதல் நாள் அவனுக்குத் தோள் கவசம் மாட்டிவிட்டதும் நான். அன்றைக்குத்தான் அந்தப் படம் எடுத்தது.

இந்த மார்ச் மாதம், ஜெர்மனியில் சம்பளம் கொடுத்து விளையாடவைக்கிற அணியொன்று அவனைப் பார்க்க ஆள் அனுப்புகிறது என்று செய்தி வந்தது. வருகிற ஞாயிறு மட்சுக்கு வருகிறார்கள். அதிலிருந்து வலன்ரைனின் கால் தரையில் படவில்லை. "நான்தான் பெடியனைக் கண்டுபிடிச்சனான்" என்று ஒரு வாடிக்கையாளரிடம் சொல்கிறான், நான் அந்தக் கடைக்குள்ளேயே இருக்கிறேன்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெளியே போய்த் தேத்தண்ணி குடித்தேன். தேத்தண்ணியும் கசந்தது.

அமெரிக்காவில் பருவம் முடிந்துவிட்டால் எங்களுக்கு வாய்க்கு வேலை கூடும். யார் எந்த அணிக்குத் தாவுகிறான், யாருக்கு ஒப்பந்தம் முடிகிறது, தலைக்கவசத்துக்கு மேல் மெத்தைத் தொப்பி போட்டால் தலை தப்புமா என்றெல்லாம் வாரம் முழுக்கக் கதைப்போம். நான் இப்போது வேலை செய்கிற ரெஸ்ரோரண்டுக்குத் திங்கட்கிழமை லீவு. அன்றைக்குச் சலூனில் நான், வலன்ரைன், கைபேசிக் கடைக் கரிகாலன் மூன்று பேரும் இருந்தோம். நாங்கள் ஆதரிக்கிற அமெரிக்க அணியின் ரென்விக்கைப் பற்றித்தான் பேச்சு. போன பருவத்தில் தலையில் அடி வாங்கி, ஆடி ஆடி நடந்தவனை அடுத்த வாரமே திரும்ப இறக்கிவிட்டார்கள். இனி விளையாடுவானா, விடுவானா என்று இன்னும் வாய் திறக்கவில்லை.

"கொலைகாரங்கள்!" என்றான் வலன்ரைன். கத்தரிக்கோல் என் காதுக்குப் பக்கத்தில் நின்றது, அன்றைக்கு நான்தான் கதிரையில். "வெளிச்சம் கண்ணைக் கூசுது, சத்தம் தாங்கேலாமல் இருக்கு, வயித்தைப் பிரட்டிச் சத்தி வருது எண்டால் அது மூளையிலை பட்ட அடி. குழந்தைப்பிள்ளைக்கும் தெரியும். அவனைப் பிடிச்சு வெளியிலை இருத்த வேண்டாமோ?"

"நல்லாச் சொன்னியள் அண்ணை" என்றான் கரிகாலன். அந்த மூன்றையும் வலன்ரைனுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான் என்று கரிகாலனுக்கு யார் சொல்வது?

அப்போதுதான் அலெக்சிஸ் உள்ளே வந்தான். வெளியே மழை இருட்டு, இவன் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். படியில் கால் தடுக்கியது. "பொன்சூர் அண்ணை" என்று எனக்குக் கை தந்தான். கரிகாலனிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பி, "பொன்சூர் அண்ணை" என்று மறுபடியும் கை தந்தான். வலன்ரைன் மெஷினைப் போட்டதும் முகத்தைச் சுளித்து, "அத்தான், அதை நிப்பாட்டுங்கோ, ப்ளீஸ்" என்றான்.

"நேற்று மட்சிலை என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை. ஒருத்தன்ரை தலையும் என்ரை தலையும் முட்டுப்பட்டது. C'est rien."

அவன் பின்னறைக்குப் போனதும் கதிரையிலிருந்து எழும்பினேன். போர்த்த துணி கழுத்தில் தொங்கியது, அரைத் தலை வெட்டினபடி. "வலன்ரைன், பெடியனை டொக்டரிட்டைக் கொண்டு போ. ஜெர்மன்காரர் வாற ஞாயிற்றுக்கிழமை விளையாட இறக்காதை. இப்ப நீ சொன்னதுதான் அவனுக்கும்."

வலன்ரைன் என்னைக் கண்ணாடிக்குள் பார்த்தான். பிறகு கரிகாலனைப் பார்த்துச் சிரித்தான். "அண்ணைக்கு எரியுது."

"என்னடா எரியுது?"

"எல்லாம்தான். படம் மாட்டின நாளிலையிருந்து உங்கடை முகத்தைப் பாக்கிறன்தானே. அவன் போயிடுவான் எண்டு வயித்தெரிச்சல். உதுக்குப் பேர் அக்கறையோ?"

கரிகாலன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். எரிந்தது உண்மைதான். அலெக்சிஸ் ஜெர்மனிக்குப் போகக்கூடாது என்று நான் நினைத்திருந்தேன், போனால் வலன்ரைன் இன்னும் என்னென்ன படம் மாட்டுவான் என்று நினைத்திருந்தேன். ஆனால் அந்தக் கறுப்புக் கண்ணாடியையும் நான்தானே பார்த்தேன்? பொறாமை பிடித்தவனுக்குக் கண் தெரியாதா? மற்றவர்களைவிட நன்றாகத்தானே தெரியும்? வெட்டின பாதித் தலையோடு வெளியேறினால் லாச்சப்பல் முழுக்கச் சிரிக்கும் என்பதால், திரும்ப இருந்து மீதித் தலையையும் கொடுத்தேன்.

ஜெனிற்றா பின்னேரம் தம்பியை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வந்தாள். அவளும் தம்பியின் தலையிடியைக் கண்டுதான் இருக்கிறாள், முகம் வாடியிருந்தது. நான் வாங்கில் இருந்து சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். அவள் தும்புத்தடியை எடுத்துக் கதிரையைச் சுற்றிக் கூட்டினாள். சலூன் கூட்டுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. கூட்டினவள் குனிந்து, நரைத்த முடி ஒரு பிடியைக் காகிதக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தாள். அங்கே நரைத்த தலை என்னுடையது மட்டும்தான்.

எனக்கு விளங்கிவிட்டது. நாவூறு கழிக்கப் போகிறாள். என் கண் பட்டுத்தான் தம்பிக்குத் தலையிடி என்று புருசன் ஓதியிருக்கிறான்.

"தங்கச்சி" என்றேன், "மயிர் மட்டும் காணாது. காலடி மண்ணும் வேணும். இஞ்சை மண்ணுக்கு எங்கை போவாய்? நானே வாறன், காலோடை கொண்டு போ."

அவள் வெட்கத்தில் சுருண்டு போனாள். "ஐயோ அண்ணை, கோவிக்காதேங்கோ. எனக்கு வேறை வழி தெரியேல்லை. இரவிரவாய் முனகுறான். டொக்டரிட்டைப் போனால் ஞாயிற்றுக்கிழமை விளையாட விடமாட்டினம் எண்டு இவர் சொல்லுறார்."

"நான் கோவிக்கேல்லை. வாறன்" என்றேன். கோபத்தில்தான் சொன்னேன். வலன்ரைன் வேண்டாம் வேண்டாம் என்று கடையைப் பூட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தான். நாலு பேரும் சார்செல்லுக்கு ரயில் ஏறினோம். அலெக்சிஸ் ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தான்.

சார்செல்லில் அவர்களுடைய சமையலறை சின்னது. அலெக்சிஸைக் கிழக்குப் பார்க்க இருத்தினாள். உப்பு, செத்தல் மிளகாய், என் முடி எல்லாம் உள்ளங்கையில். நான் சப்பாத்தைக் கழற்றி அடியைத் தட்டினேன். லாச்சப்பல் நடைபாதையின் தூசி கொஞ்சம் அவள் கையில் விழுந்தது. தலையைச் சுற்றி மூன்று தரம் சுற்றினாள். "கண்ட கண், பட்ட கண் எல்லாம் போகட்டும்" என்றாள். அலெக்சிஸ் அவளுடைய கைக்குள் மூன்று தரம் துப்பினான். நான் சுவரோடு நின்றேன். அவமானம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். உண்மையில் என் கண்தான் பட்டிருந்தால்?

அடுப்பில் காய்ந்த தாச்சிச் சட்டியில் எல்லாவற்றையும் போட்டாள். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான்: நாவூறு இருந்தால் மிளகாய் கருகினாலும் நெடி வராது. நாவூறு இல்லையென்றால் ஊரே தும்மும். வலன்ரைன் என்னைப் பார்த்தான், நான் தாச்சியைப் பார்த்தேன்.

முதலில் ஒன்றுமில்லை. வலன்ரைனின் உதடு கோணத் தொடங்கியது. பிறகு முடி பொசுங்குகிற மணம் வந்தது. அதற்குப் பிறகு ஏறியது பாருங்கள் நெடி, தொண்டையைப் பிடித்து உலுக்கியது! ஜெனிற்றா இருமினாள். வலன்ரைன் கண்ணீர் வடித்தபடி சன்னலைத் தேடினான். நான் இருமிக்கொண்டே கத்தினேன்: "அடிக்குது! நெடி அடிக்குது! என்ரை கண்ணிலை ஒண்டுமில்லை! வலன்ரைன், பாரடா!"

அந்த நேரத்தில் கூரையில் இருந்த புகை அலாரம் அலறத் தொடங்கியது.

அலெக்சிஸ் இரண்டு கையாலும் தலையைப் பொத்தினான். வாயிலிருந்து வந்த சத்தம் மனிதச் சத்தம் மாதிரியே இல்லை. கதிரையிலிருந்து சரிந்து முழங்காலில் விழுந்து சத்தி எடுத்தான். "அக்கா, நிப்பாட்டச் சொல்லு, அக்கா!" அந்தப் பெரிய உடம்பு நிலத்தில் சுருண்டு நடுங்கியது.

நான் மேசையில் ஏறி அலாரத்தைப் பிடுங்கினேன். சத்தம் நின்றது. வலன்ரைன் நின்ற இடத்திலேயே நின்றான். வெளிச்சம், சத்தம், சத்தி. அவன் வாயால் சொன்ன மூன்றும் அவன் காலடியில் கிடந்தன.

"கார்த் துறப்பு எங்கை?" என்று சாவிக்குக் கை நீட்டினேன். அவன் அசையவில்லை. "டேய், கார்த் துறப்பு!"

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில், ஊர்ஜன்ஸில், தலையை ஸ்கானர் எடுத்தார்கள். உள்ளே சிறிதாக இரத்தம் கசிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை இன்னொரு அடி பட்டிருந்தால் பிணமாகத்தான் தூக்கியிருப்போம் என்ற பொருள்பட டொக்டர் பிரெஞ்சில் சொன்னார். இனி இந்த விளையாட்டு வேண்டாம் என்றும் சொன்னார். ஜெனிற்றா செபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

வலன்ரைன் என் பக்கம் திரும்பினான். "இப்ப சந்தோசமோ அண்ணை?"

அறையலாம் போல இருந்தது. ஆனால் உள்ளே ஒரு மூலை உண்மையிலேயே குளிர்ந்திருந்தது. இனி ஜெர்மனி இல்லை. புதுப் படம் இல்லை. பெடியன் உள்ளே குழாயோடு கிடக்கிறான், எனக்கு இப்படியும் ஒரு நினைப்பு வருகிறது. சீ என்று என்னையே துப்பினேன்.

"ஓம், சந்தோசம்தான். உயிரோடை இருக்கிறான்" என்றேன். இரண்டுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விட்ட பிறகு அலெக்சிஸை இருட்டறையில் வைத்தார்கள். கைபேசி கூடாது, தொலைக்காட்சி கூடாது, வெளிச்சமும் கூடாது. முதலில் வலன்ரைன்தான் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து செய்தி சொல்லிப் பார்த்தானாம். ஒரு செய்திக்கு ஒன்பது கருத்துச் சொன்னால் எந்த நோயாளி தாங்குவான்? "அத்தான், ஐங்கரன் அண்ணையை வரச் சொல்லுங்கோ" என்று அலெக்சிஸ் கேட்டிருக்கிறான்.

போனேன். பிறகு லீவு கிடைத்த பொழுதெல்லாம் போனேன். இருட்டில் இருந்து மெல்லிய குரலில், யார் எந்த அணிக்குப் போனான், எந்தப் பயிற்சியாளருக்குச் சீட்டுக் கிழிந்தது என்று சொல்வேன். அவன் "ம்" கொட்டுவான். சில நேரம் சிரிப்பான்.

ஒரு நாள் கேட்டான், "ரென்விக் என்னவாம்?"

அந்தச் செய்தி முதல் நாளே வந்திருந்தது. சொல்லாமல் விடத்தான் நினைத்தேன்.

"விட்டிட்டானாம்" என்றேன். "தன்ரை பிள்ளையளின்ரை பேர் மறந்து போற அளவுக்கு விளையாட ஏலாதெண்டு சொன்னவனாம்."

கட்டில் ஆடியது, அழுகிறான் என்று தெரிந்தது. இருட்டில் தடவித் தோளில் கையை வைத்தேன். அவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான், விடவில்லை. "போயிடாதேங்கோ அண்ணை" என்றான்.

கதவு திறந்தது. தேத்தண்ணியோடு வலன்ரைன் நின்றான். பின்னாலிருந்த விறாந்தை வெளிச்சத்தில் அவன் என் கையைப் பார்த்தான், அவன் மச்சான் அதைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்தான். அவனுடைய முகம் இறுகியது. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். அவனுடைய சலூன் கண்ணாடியில் நான் நெடுகப் பார்த்த என் முகம்தான் அது.

"காணும் அண்ணை, பெடியனுக்குக் களைப்பு" என்றான். "நாளையிலையிருந்து நானே கதைக்கிறன். நீங்கள் வீணாய் அலைய வேண்டாம்."

"சரியடா தம்பி" என்றேன்.

சமையலறையில் ஜெனிற்றா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் சப்பாத்தைப் போடாமல் அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"தங்கச்சி, உப்பும் மிளகாயும் இருக்கே? உன்ரை மனுசன்ரை தலைமயிர் ரெண்டு எடுத்துக்கொண்டு வா. எனக்கு ஒருக்காச் சுத்திப் போடு."