பிரெட்டிடம் சொன்னது

"இன்னிக்கு சாயங்காலம் ரீஜனல் மேனேஜரும் அவர் ஒய்ஃபும் வர்றாங்க. சீஸ் டோஸ்ட் போடணும்" என்று அவள் ஃபிரிட்ஜிடம் சொன்னாள். ஃபிரிட்ஜ் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த கணவரும் சொல்லவில்லை. செய்தி யாருக்கு என்பது மட்டும் ஃபிரிட்ஜ் உட்பட எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

மூன்று நாளாக அந்த வீட்டில் இப்படித்தான் ஜாடைப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கும் அவளுக்குக் கிளை மேலாளராகப் பதவி உயர்வு வந்திருந்தது. ஆனால் கிளை இருப்பது ஓர் இரவு முழுக்க ரயிலில் உட்கார்ந்து போக வேண்டிய ஊரில். அதை அவள் முகமெல்லாம் சிரிப்பாக வந்து சொன்னபோது, அவள் கணவர் கண்ணாடிக்காரர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "அங்க போய் என்ன பண்ணப் போற?" என்று கேட்டுவிட்டார். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் அவருக்கு அந்தப் பெயர். நாக்கில் சனி என்பது அவருக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

முதல் இரண்டு நாள் கல்லூரியில் படிக்கும் மகள் நடுவில் நின்றாள். அப்பாகிட்ட சொல்லு, அம்மாகிட்ட கேளு என்று இரண்டு பக்கமும் ஓடிக் களைத்தவள், நீங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டால் என் பரீட்சைக்கு யார் படிப்பது என்று கேட்டுவிட்டுப் புத்தகத்தோடு தோழி வீட்டுக்குக் கிளம்பிப் போனாள். அதற்குப் பிறகு பாத்திர பண்டங்கள்தான் கதி.

போகிறாளா இல்லையா என்று சாயங்காலம் வரும் மேலாளருக்கு இன்றைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று கண்ணாடிக்காரருக்குத் தெரியாது. கேட்கவும் வழியில்லை. அவள் போக வேண்டும் என்றுதான் அவர் மனதில் பாதி சொன்னது. மற்றப் பாதி அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே பயந்தது. கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அன்று கண்ணாடியைக் கோணலாக மாட்டிவிட்டு, கடைசியில் கதவை இழுத்துப் பூட்டிக்கொண்டு சீக்கிரமே வீட்டுக்கு வந்தார். அவள் வருவதற்குள் டோஸ்ட்டைத் தானே செய்து வைத்துவிட்டால் ஒரு சமாதானம் பிறக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்.

ஃபோனில் ஓடிய சமையல் வீடியோவில் ஒரு பெண்மணி இதைவிடச் சுலபமான பண்டம் உலகத்தில் கிடையாது என்று சத்தியம் செய்துகொண்டிருந்தாள். பிரெட்டில் வெண்ணெய் தடவ வேண்டும், வெங்காயமும் குடைமிளகாயும் பொடியாக நறுக்கித் தூவ வேண்டும், மேலே சீஸ் வைத்து ஓவனுக்குள் தள்ள வேண்டும். கண்ணாடிக்காரர் லென்ஸ் வெட்டும் கவனத்தோடு குடைமிளகாயை வெட்டினார். ஒவ்வொரு சீஸ் துண்டையும் பிரெட்டின் ஓரத்தோடு ஓரம் பொருந்துகிறதா என்று குனிந்து பார்த்துப் பார்த்து வைத்தார். ஊருக்கெல்லாம் வெள்ளெழுத்துக் கண்ணாடி மாட்டிவிடுகிறவர், தனக்கு மட்டும் அது இன்னும் வரவில்லை என்று சாதிக்கிறவர். ஆகவே சீஸ் துண்டு ஒவ்வொன்றையும் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாள் அவர் கண்ணில் படவில்லை. நாள் முழுக்க லென்ஸ் மேல் ஒட்டிய மெல்லிய தாளை உரித்துக்கொண்டிருக்கும் கை, அன்றைக்குப் பார்த்துச் சும்மா இருந்துவிட்டது.

ஓவனுக்குள் சீஸ் உருகி வழியவில்லை. பளபளவென்று மின்னியது. உயர்ந்த ரகம் போலிருக்கிறது என்று அவர் பெருமைப்பட்டுக்கொண்டார். பிறகு அது சுருண்டது. வாடை கிளம்பியது.

தோளில் தொங்கிய பையைக்கூட இறக்காமல் அவள் சமையலறைக்குள் வந்தாள். ஓவனை அணைத்து, தட்டை வெளியே இழுத்து, நகத்தால் ஓர் ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தாள். சன்னலைத் திறந்துவிட்டாள்.

"உனக்கு நேரம் சரியில்ல. தோலை உரிக்கக்கூடத் தெரியாதவங்க கையில வந்து மாட்டிக்கிட்ட" என்று பிரெட்டுக்கு ஆறுதல் சொன்னாள். சொல்லிவிட்டு சன்னல் பக்கமாகவே திரும்பி நின்றாள். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று தெரிந்ததும் கண்ணாடிக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கெட்டுப்போனதெல்லாம் குப்பைக் கூடைக்குள் போனது. அவள் சீஸை உரித்துக் கொடுக்க, அவர் வாங்கி வாங்கி வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து அவள் கத்தியைப் பார்த்துச் சொன்னாள்:

"போய் என்ன பண்ணப் போறன்னு கேட்டா, என்ன அர்த்தம்? இத்தனை வருஷமா நான் ஆபீஸ்ல சும்மா உக்காந்துட்டு வந்தேன்னுதானே?"

கண்ணாடிக்காரர் கையிலிருந்த பிரெட் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்படியெல்லாம் இல்ல" என்று பிரெட்டிடம் சொன்னார். "இங்க நான் என்ன பண்ணுவேன்னுதான் கேக்க வந்தேன். அது வாய்ல வரல. மாத்தி வந்துடுச்சு."

அவள் உரிப்பதை நிறுத்தினாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வாசல் மணி அடித்தது. அதற்குள் வெந்திருந்த முதல் தட்டை எடுத்துக்கொண்டு, அடுத்ததை ஓவனுக்குள் தள்ளிவிட்டு இரண்டு பேரும் முகத்தைச் சரிசெய்துகொண்டு கூடத்துக்கு ஓடினார்கள்.

மேலாளர் சாப்பாட்டு விஷயத்தில் கூச்சம் பார்க்காத மனிதர். உட்கார்ந்ததும் ஒன்றை எடுத்தார், பேச்சுவாக்கில் இன்னொன்றை எடுத்தார். யார் செய்தது என்று விசாரித்தார். "அவர்தான்" என்றாள் அவள். மேலாளரின் மனைவி தன் கணவரைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். தண்ணீர்கூட இவருக்கு நான்தான் ஊற்றிக் கொடுக்க வேண்டும் என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னாள். மேலாளர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் மூன்றாவதை எடுத்தார்.

"அப்ப கவலையே இல்ல. மேடம் அங்க போனாலும் சார் தனியா சமாளிச்சுக்குவார். என்ன சார்?"

தன் குழியைத் தானே வெண்ணெய் தடவி வெட்டியிருக்கிறோம் என்பது கண்ணாடிக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. பிளாஸ்டிக் கதையை எடுத்துவிட்டால் போதும். எல்லாரும் சிரிப்பார்கள். இந்த மனிதரைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது என்று மேலாளரின் மனைவியே தீர்ப்புச் சொல்லிவிடுவாள். கதை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவர் அவளைப் பார்த்தார். அவளும் அந்தக் கதையைச் சொல்லவில்லை. தட்டைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சமாளிச்சுக்குவேன் சார்" என்றார். "இதைவிடப் பெரிய ஆபீஸா இருந்தாலும் நடத்துவா." பிறகு மூன்று நாளில் முதல் தடவையாக அவள் பக்கம் திரும்பிச் சொன்னார்: "போயிட்டு வா."

அவள் கண்ணை ஒரு தரம் இறுக மூடித் திறந்தாள். மூக்கு விடைத்தது. அழப் போகிறாளோ என்று அவர் பயந்தபோது அவள் சொன்னாள்:

"ஏங்க, ஓவன்ல ஏதோ தீயுது."

ஏங்க! அந்தச் சந்தோஷத்தில் தீய்ந்தது என்ன என்பதைக்கூட யோசிக்காமல் அவர் உள்ளே ஓடினார். டோஸ்ட்டின் அடிப்பக்கமெல்லாம் ஒரே கரி. இதைக் கொண்டுபோய் வைத்தால் சமாளிப்பேன் என்று இப்போதுதான் சொன்ன சொல் காற்றில் போய்விடும். கூடத்துக்குச் சத்தம் கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டார். தொட்டியில் குனிந்து, கத்தியால் ஒவ்வொன்றாகக் கரியைச் சுரண்டினார். கறுப்புத் தூள் சட்டையெல்லாம் படிந்தது.

தண்ணீர்ச் சத்தத்தை மீறிக்கொண்டு அவள் குரல் தெளிவாகக் கேட்டது. "சரி சார். ஒன்னாம் தேதியே போய்ச் சேந்துடறேன்."

கத்தி கொஞ்சம் அழுத்தமாக இறங்கிவிட்டது. பிரெட்டின் நடுவில் ஓட்டை விழுந்தது. ஓட்டை விழுந்ததை விருந்தாளிக்கு வைக்க முடியாது. அதை மடித்துத் தன் வாய்க்குள் போட்டுக்கொண்டார். மற்றவற்றைச் சுரண்டிய பக்கம் தெரியாமல் தட்டில் அடுக்கினார். கூடத்தில் மேலாளர் ஏதோ சொல்ல, அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. கண்ணாடிக்காரர் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு, வாயில் இருப்பது தொண்டைக்குள் இறங்கும் வரைக்கும் சமையலறைக் கதவுக்குப் பின்னாலேயே நின்றார்.