கண்ணாடிக்குப் போன பாதி

அந்த ஆய்வகத்தில் எதைச் செய்தாலும் பாதிதான் கைக்குக் கிடைக்கும். மீதிப் பாதி, கைகழுவும் தொட்டிக்கு மேலே மாட்டியிருந்த கண்ணாடிக்குள் போய்விடும். மூலக்கூறுகளிலும் வலக்கை, இடக்கை உண்டு; புதினாவுக்கு வாசம் தரும் மூலக்கூறே கை மாறினால் ஷாஜீரா வாசம் அடிக்கும். ஆல்டிஹைடோடு டைஎத்தில் சிங்க் என்ற துத்தநாகச் சரக்கைச் சேர்த்தால் இரண்டும் சரிபாதியாகப் பிறக்கும். வலக்கை இந்தப் பக்கம், இடக்கை அந்தப் பக்கம். இந்தப் பாகப்பிரிவினையில் ஒருநாளும் வாய்த்தகராறு வந்ததில்லை.

இசக்கியம்மாளுக்குத்தான் பாதி போதவில்லை. முனைவர் பட்டத்துக்கு நூற்றுக்குத் தொண்ணூறாவது வலக்கையாக இருக்க வேண்டும். உதவித்தொகையோ பங்குனியோடு நிற்கிறது. பட்டமில்லாமல் அம்பாசமுத்திரம் திரும்பினால் அம்மா ஒன்றும் சொல்லமாட்டாள். மற்ற எல்லோரும் சொல்வார்கள்.

கண்ணாடிக்குள் இருந்த இசக்கியம்மாளுக்கும் அதே நிலைமைதான். அவளுக்குத் தொண்ணூறு இடக்கை வேண்டும்.

ஒரு பக்கமாகச் சாய்க்க வினையூக்கி இருக்கிறது. ஒரு சிட்டிகை போதும். துத்தநாகம் எந்தப் பக்கமாக வந்து சேரவேண்டும் என்று அது வாசலில் நின்று வழி சொல்லிவிடும். ஆனால் இவள் வலக்கை வினையூக்கியைப் போடும் அதே நொடியில் அவள் அங்கே இடக்கை வினையூக்கியைப் போடுவாள். பிம்பம் என்றால் வேறென்ன செய்யும்? இரண்டும் கட்டிப் புரண்டு கடைசியில் சரிபாதிக்கே வந்து நிற்கும். இரண்டு பேரும் ஒன்றாக உதட்டைக் கடித்துக்கொண்டு கை கழுவுவார்கள்.

வழிகாட்டியான ஜெபமணி சாரிடம் போய் நின்றாள். அவர் தாடையில் அன்றைக்கும் பிளேடு கீறியிருந்தது.

“ஒரு துண்டை எடுத்துக் கண்ணாடியில போடும்மா,” என்றார். “நீ செய்றது தெரியலேன்னா அவளுக்கு என்ன செய்றதுன்னு தெரியாது. நானும் அப்படித்தான் பட்டம் வாங்கினேன்.”

“அவ என்ன ஆவா சார்?”

“என்னோடவன் ஊருக்குப் போயிட்டான். முகம் பார்த்து ஷேவ் பண்ண ஆளில்ல, அவ்வளவுதான். பழகிடும்.”

இசக்கிக்கு மனசு கேட்கவில்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். இங்கே வாயும் ஒன்று, வயிறும் ஒன்று. ஆனால் பட்டமும் ஒன்றாக அல்லவா இருந்தது! மறுநாள் காலை விடுதியிலிருந்து தன் பச்சைத் துண்டை எடுத்துவந்தாள்.

“கோவப்படாதட்டி,” என்று சொல்லிவிட்டுத் தொங்கவிட்டாள். துண்டு மறைக்கும்வரை அவளும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வினையூக்கியைப் போட்டாள். டைஎத்தில் சிங்க்கை ஊசியில் எடுத்தாள். காற்றுப் பட்டாலே தீப்பிடித்துக்கொள்ளும் கோபக்காரச் சரக்கு அது. அன்றைக்கு முணுமுணுக்காமல் இறங்கியது. தொண்ணூற்றாறு வலக்கை வந்தது. துண்டை விலக்கியபோது கண்ணாடியில் எதிர்ச்சுவரும் குழாயும் மட்டும் இருந்தன. இசக்கி அழுதாள். முகம் தெரியாததால் எப்போது நிறுத்துவதென்று அவளுக்குத் தெரியவில்லை.

பட்டம் கிடைத்தது. வாய்மொழித் தேர்வில் துத்தநாகத்தைப் பற்றி நிறையக் கேட்டார்கள். பொட்டு ஏன் புருவத்துக்கு மேல் ஓரமாக ஏறியிருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அம்பாசமுத்திரம் வீட்டுக்குள் நுழைந்தபோது கண்ணாடிக்காரி இலைக்கு முன்னால் உட்கார்ந்து இடக்கையால் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். தோற்றவள் தன் ஊருக்குத்தானே போவாள். அவளுக்கும் ஊர் இதுதான்.

“வாட்டி டாக்டரு,” என்றாள் அம்மா. “செத்த பொறு. இவ தோத்துட்டு வந்திருக்கா. மொதல்ல இவளுக்குப் போட்டுட்டு வாரேன்.”

இசக்கி பெட்டியோடு நின்றாள். ஊரெல்லாம் என்ன சொல்லுமோ என்று பயந்தவளுக்கு, தோற்று வந்திருந்தால் இந்த முதல் கரண்டி தனக்கு விழுந்திருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. பொறாமையாக இருந்தது.

அம்மா சாம்பாரை ஊற்றிவிட்டு நிமிர்ந்து சுவர்க்கண்ணாடியைப் பார்த்தாள். அதற்குள் இருந்த அம்மாவும் சாம்பாரை ஊற்றிவிட்டு நிமிர்ந்தாள். அவளுக்கு எதிரே இலை இருந்தது, சோறு இருந்தது, ஆள் இல்லை.

“ஏட்டி, அந்தப் பாவி வெறும் இலைக்குப் பரிமாறிக்கிட்டு நிக்கா பாரு,” என்றாள் அம்மா. “இவதான் அங்க போகணும். ஆனா இப்பத்தான் வாயில வச்சிருக்கா. நீ போயி அங்க சாப்பிடு.”

இசக்கி பெட்டியை ஓரமாக வைத்தாள். முக்காலியில் ஏறி, துப்பட்டா ஆணியில் மாட்டாமல் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக்குள் இறங்கி உட்கார்ந்தாள்.

“மெலிஞ்சு போயிட்டியே,” என்றாள் அந்த அம்மா. இடக்கையால் துவையலை அள்ளி வைத்தாள். புதினாத் துவையல். பிரியாணிக்குப் போடும் ஷாஜீரா வாசம் அடித்தது. இசக்கி இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.